உரசாத உயரம்

வாசல் வேகத்தடையில் காரின் அடிவயிறு 'கர்ர்' என்று உரசியதும் ஓட்டிவந்த எவோதியோ கண்ணை மூடிக்கொண்டார். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. மனைவி எர்லிந்தா கையில் ஈரத்தோடு அசையாமல் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

மகன் உலிசேஸ் போன மழைக்காலத்தில் கல்குவாரியில் மண் சரிந்து செத்துப்போனான். அவன் விட்டுப்போனது இந்த நீலக் கார்தான். ஸ்பிரிங்கை வெட்டி, தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். இருந்தவரை தினமும் அந்த உரசலோடுதான் வீடு திரும்புவான். இப்போது அதே சத்தத்தோடு அப்பா திரும்பினார்.

காரை விற்பதைப் பற்றி இருவரும் பேச்செடுக்கவில்லை. ஆனால் சத்தத்தையாவது ஒழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது எர்லிந்தாவைக் கொன்றுவிடும் என்று எவோதியோ முடிவு செய்தார்.

மெக்கானிக் சானோ தரையில் படுத்துப் பார்த்தான். அந்த ஊரில் ஆண்களை 'தோன்' என்றும் பெண்களை 'தோன்யா' என்றும் அழைப்பது மரியாதை.

"இது காரா, பல்லியா தோன் எவோதியோ? அடியில கையே போகலையே!"

"உயர்த்திக் குடு. வாசல்ல உரசக் கூடாது, அவ்வளவுதான்."

"உலிசேஸ் இருந்தா என்னை அடிக்க வருவான்."

"வந்தா நல்லாத்தான் இருக்கும்."

சானோ ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே ரப்பர் கட்டைகளைத் திணித்தான்.

சில நாள் உரசவில்லை. எர்லிந்தா அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவும் இல்லை. பிறகு ஒரு மாலை, மறுபடி 'கர்ர்'.

"ரப்பர் நசுங்கியிருக்கும்" என்ற சானோ, சரக்கு வண்டி ஸ்பிரிங்கையே மாட்டிவிட்டான். கார் இப்போது உதைக்கப்போகும் கழுதைபோல் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. மாதா கோயில் பூசைக்குப் போக எர்லிந்தா பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏற வேண்டியிருந்தது.

தெருமுனையில் தமாலே என்னும் சோளமாவுப் பலகாரம் விற்கும் சோலெடாட் கத்தினாள். "மேல காத்து எப்படி தோன் எவோதியோ? மழை வந்தா முதல்ல உங்களுக்குத் தெரியும், எனக்கும் ஒரு குரல் குடுங்க!"

அடுத்த வாரமே அதுவும் உரசியது.

"தோன்யா எர்லிந்தா கொஞ்சம் எடை போட்டுட்டாங்களோ?" என்றான் சானோ.

"அவ எலும்பா நிக்கிறா. நீ வேற, வாயை மூடு."

கடைசியாகப் பெரிய டயர்கள் வந்தன. உயரம் கிடைத்தது. ஆனால் வலப்பக்கம் ஒடித்தால் டயர் போய்த் தகரத்தைக் கடித்தது. எனவே எவோதியோ இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி வீடு வந்து சேர்ந்தார். அந்த வழியில் கல்லறைத் தோட்டத்தைத் தினமும் ஒருமுறை சுற்ற வேண்டும். சுற்றும்போது தொப்பியைக் கழற்றிக்கொள்வார்.

ஆனால் வாசலில் சத்தம் இல்லை.

"இனிமே உரசாது, எர்லி. நிம்மதியா இரு" என்றார் சாப்பாட்டு மேசையில்.

"அப்படியா" என்றாள். சூப்பைத் தொடாமல் எழுந்து போனாள்.

திருவிழாவுக்காக ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்தது. தெருவுக்குள் திரும்பியவர், தன் வாசலில் கொத்தனார் நசாரியோ மண்டியிட்டு, வேகத்தடையின் முதுகில் ஈரச் சிமென்ட்டைத் தடவிக்கொண்டிருப்பதைக் கண்டார். அந்த ஊரில் வேகத்தடை போட யாரும் நகராட்சியைக் கேட்பதில்லை; சிமென்ட் இருந்தால் போதும்.

எவோதியோ காரிலிருந்து குதித்தார். அந்த உயரத்துக்கு முழங்கால் கெஞ்சியது.

"டேய் நசாரியோ! எல்லாம் உன் வேலைதானா? நான் உயர்த்த உயர்த்த நீயும் உயர்த்திட்டே வந்திருக்கே! அந்தச் சத்தம் என் பெண்டாட்டியைக் கொல்லுதுடா, பாவி!"

நசாரியோ கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தான்.

"சிமென்ட்டு வாங்கிக் குடுக்கறதே தோன்யாதானே! சத்தம் கேக்காத அன்னிக்கு, பையன் இன்னும் வீட்டுக்கு வரலையேன்னு இருக்காம் அவங்களுக்கு."