விசிலண்ணனின் சிவப்புக் கோடு

தாரணி, நவீன், ரெண்டு பேருக்கும் எழுதுகிறேன், கேளுங்கள். கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் விசிலண்ணனைப் போல வெட்கமே இல்லாத ஒரு மனிதர் கிடைக்க மாட்டார். அவருக்கு வர வேண்டிய வெட்கத்தையும் சேர்த்து, அவரிடம் வண்டி விடுகிறவர்கள்தான் பட்டாக வேண்டும். என் பங்கை நான் எப்படிப் பட்டேன் என்பதைப் பின் சீட்டில் உட்கார்ந்து நீங்களே பார்த்தீர்கள். ஆனால் பார்த்ததில் பாதிதான் உங்களுக்குப் புரிந்திருக்கும். மீதிப் பாதி எனக்கே மெதுவாகத்தான் புரிந்தது.

போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டி அவருடைய பட்டறை. சொந்தப் பெயர் என்னவென்று பக்கத்து டீக்கடைக்காரருக்கே தெரியாது. எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ வைத்த டீசல் வண்டி உள்ளே வந்தால் கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சத்தத்தோடு சேர்ந்து தானும் விசிலடிப்பார். வண்டியின் விசில் அவருடைய விசிலைத் தாண்டி மேலே ஏறினால், "காத்து ஓவருங்க" என்பார். அந்த நேரம் பார்த்து ரயில் ஊதிவிட்டால் போச்சு. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்டவாளப் பக்கம் போய், "ஏனுங்க, இங்க ஒருத்தன் காது குடுத்துட்டு நிக்கறது தெரியலீங்களா" என்று எஞ்சின் டிரைவரிடம் நியாயம் கேட்பார். கடைசிப் பெட்டி வரை திட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பி வருவார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பானட்டைத் திறப்பதற்கு முன்னால் வண்டிக்காரர் அதன் மேல் கையை வைத்து, தன் கையால் வண்டிக்கு என்னென்ன செய்தார் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் திறப்பார். ஒரு தடவை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்த ரைஸ் மில் முதலாளி ஒருவர், கழன்றுபோன ஹோஸை வீட்டுக்காரம்மாவின் பாவாடை நாடாவால் கட்டியதை முனகலாகச் சொன்னார். விசிலண்ணன் டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி விசாரித்தார். "நாடா நல்ல நாடாங்க. அங்க ஊட்டுல அம்மணிக்கு வேற நாடா இருக்குதுங்களா?"

இனி நம் கதைக்கு வருகிறேன்.

அன்றைக்கு உங்கள் அத்தை மகளின் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம். தாய்மாமன் சீர் மண்டபத்தில் வந்து இறங்கிய பிறகுதான் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்கள். தாய்மாமன் நான். சீர்த்தட்டுகள் டிக்கியிலும் உங்கள் மடியிலுமாக இருந்தன. கிணத்துக்கடவிலிருந்து கிளம்பும்போது நம் பழைய கார் நன்றாகத்தான் வந்தது. மேம்பாலம் ஏறும்போதுதான் குணம் மாறியது. முதலில் யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி ஒரு பாய்ச்சல். விசில் சத்தம் காதைத் துளைத்தது. அப்புறம் எச்சரிக்கிற மஞ்சள் விளக்கு எரிந்து, இழுவை சுத்தமாகப் போய்விட்டது. தேங்காய் மூட்டை ஏற்றிய மொபெட் ஒன்று நம்மைத் தாண்டிப் போனது.

"ஏனுங்க, அவன் திரும்பிப் பாத்துச் சிரிச்சுட்டுப் போறானுங்க" என்றாள் உங்கள் அம்மா.

வண்டியை அணைத்து மறுபடி போட்டால் சரியாகிவிடும். அடுத்த ஏற்றத்தில் அதே கதை. அப்படியே முக்கி முனகிப் போத்தனூர் போய்ச் சேர்ந்தோம்.

விசிலண்ணன் கண்ணை மூடி விசிலடித்துப் பார்த்தார். வண்டியின் விசிலை அவரால் எட்ட முடியவில்லை. "காத்து ரொம்ப ஓவருங்க. அளவு மீறுனா வண்டியோட மூளை, எஞ்சின் ஒடஞ்சுறக் கூடாதுன்னு டீசலைக் கொறச்சுப்போடுமுங்க. அதான் இழுக்கலீங்க. சரி, கைய வெச்சுச் சொல்லுங்க. நீங்க என்ன பண்ணுனீங்க?"

பட்டு வேட்டியோடு நின்று பானட் மேல் கையை வைத்தேன். "நான் ஒண்ணும் தொடலீங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே திறந்தார்.

முதலில் அவரும் தப்பாகத்தான் போனார். டர்போவிலிருந்து போகிற ஒரு சின்ன ஹோஸில் கீறல் இருந்தது. "புடிச்சுட்டனுங்க" என்று மார்தட்டி அதை மாற்றினார். நிச்சயப்படுத்திக்கொள்ள, காற்றழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்றை நீளமான குழாயில் மாட்டி, ஜன்னல் வழியாக உங்கள் அம்மா கையில் கொடுத்தார். அதில் காற்று தாண்டக் கூடாத அளவுக்குக் கோடு போட வேண்டுமே. தாரணியின் விரலைப் பார்த்தார்.

"அம்மணி, அந்தச் செவப்பு பாட்டில் வெச்சிருக்கறயா?"

தாரணி பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்துக் கொடுத்தாள். மீட்டர் கண்ணாடியில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். பாட்டிலைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, பட்டுப்புடவையில் உங்கள் அம்மா முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். "ஏறுதுங்க. கோட்டுக்கிட்ட வந்துருச்சுங்க. கோட்டைத் தாண்டிப் போயிருச்சுங்க." விளக்கு எரிந்தது. இழுவை போனது. வண்டியைத் திருப்பினார்.

உங்கள் அத்தை போன் பண்ணினாள். "அண்ணா, எங்க வாரீங்க? மாப்பிள்ள ஊட்டுக்காரங்க கேக்கறாங்க."

"சுந்தராபுரம் தாண்டிட்டோம் கண்ணு" என்றேன். பின்னால் ரயில் நீளமாக ஊதியது. "சுந்தராபுரத்துல ஏதுங்கண்ணா ரயிலு?" என்று அவள் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

விசிலண்ணன் ஒரு சைக்கிள் பம்ப்பை எடுத்து வந்தார். குக்கரில் ஆவி அதிகமானால் வெயிட் தூக்கி விடுகிற மாதிரி, டர்போவில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அளவு மீறினால் ஒரு கம்பி நகர்ந்து அந்தக் கதவைத் திறக்கும். புகை வேறு வழியில் வெளியே போகும், டர்போவின் வேகம் அடங்கும். கம்பியை நகர்த்துகிற டப்பாவுக்குப் பம்ப்பால் காற்று அடித்தார். கம்பி அசையவே இல்லை.

"கதவு ஒட்டிட்டு நிக்குதுங்க" என்று குனிந்து, கம்பியைத் தடவி, விரலை முகர்ந்தார். திரும்பவும் முகர்ந்தார். பிறகு கோயில் தீர்த்தம் கொடுக்கிற மாதிரி விரலை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார். டீக்கடைக்காரர் முகர்ந்துவிட்டு, "செம்பருத்திப்பூவுங்களா?" என்றார். அடுத்தது உங்கள் அம்மா.

அவளுக்கு ஒரு மூச்சு போதுமாக இருந்தது. "இது நான் காச்சுன தலை எண்ணெய்ங்க."

இந்த இடத்தில் எழுதக் கை கூசுகிறது. கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் போட்டு உங்கள் அம்மா காய்ச்சி வைக்கும் தேங்காயெண்ணெய் மாதக்கணக்காகக் குறைந்துகொண்டே வந்தது. தாரணிதான் கொட்டித் தீர்க்கிறாள் என்று அவள் தினமும் திட்டினாள். "குடிக்கறாளோ குளிக்கறாளோ தெரீலீங்க" என்று பெரியம்மா, சித்தி, அத்தை எல்லாரிடமும் போனில் சொன்னாள். "நான் எடுக்கலம்மா" என்று நீ சொன்னதை யாரும் நம்பவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நம் தோட்டத்துத் தேங்காய் எண்ணெய்க்கு மிஞ்சி எதுவும் இல்லை என்று நினைக்கிற ஆள் நான். கதவுக் கீலுக்கும் அதுதான், மாட்டுப் புண்ணுக்கும் அதுதான். டர்போக் கம்பி லேசாகத் துருப்பிடித்திருப்பதைப் பார்த்தேன். வாரா வாரம் ஒரு கரண்டி ஊற்றினேன். அந்தச் சூட்டில் அது காய்ந்து பிசினாகி, கதவையே ஒட்ட வைத்துவிட்டது.

"ஒண்ணும் தொடலேன்னீங்க" என்றார் விசிலண்ணன்.

நான் பட்டு வேட்டியின் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நவீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீர்த்தட்டின் பின்னால் குனிந்தான். உங்கள் அம்மா என்னைப் பார்க்கவில்லை. தாரணியைப் பார்த்தாள். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

எஞ்சின் ஆறக் காத்திருந்து, பிசினைக் கரைத்துச் சுரண்டி எடுத்து, கம்பி பம்ப்புக்குத் தகுந்தபடி போய் வருகிற வரைக்கும் அவர் விடவில்லை. "மண்டபம் வரைக்கும் நானே ஓட்டி வாரனுங்க. முள்ளு கோட்டுக்குள்ள நிக்கறதப் பாக்கோணும்" என்று ஏறிக்கொண்டார். வழியில் வந்த மேம்பாலத்தில் உங்கள் அம்மா சன்னமான குரலில், "கோட்டுக்குக் கீழயே நிக்குதுங்க" என்றாள். வண்டி வெண்ணெய் மாதிரி ஏறியது. எண்ணெய் குறைந்த கதையை உங்கள் அம்மா சொல்ல, யார் யாரிடம் சொன்னீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

மண்டப வாசலில் நாதஸ்வரம் முழங்கியது. முன் கண்ணாடியில் குழாய் தொங்க, உங்கள் அம்மா கையில் மீட்டரோடு நம் வண்டி போய் நின்றது. முதலில் இறங்கியது விசிலண்ணன். யாரோ அவரைத் தாய்மாமன் என்று நினைத்துக் கிரீஸ் கையிலேயே சந்தனம் பூசிவிட்டார்கள். அவரும் மறுக்காமல் பூசிக்கொண்டு, படியில் ஏறி நின்று ஆரம்பித்தார்.

"சீரு லேட்டானதுக்குக் காரணம் மாமனுங்க. அம்மணி காச்சுன தலை எண்ணெயை மாசக்கணக்கா இவருதான் எடுத்து டர்போவுக்கு ஊத்திப்போட்டாருங்க. புள்ளை எடுக்கலீங்க. புள்ளை ஒரு சொட்டுக்கூட எடுக்கலீங்க."

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பெரியம்மா, சித்தி, அத்தை மூன்று பேரும் அங்கேதான் நின்றார்கள். அன்று மேடையில் நான் சீர் செய்தபோது, சொந்தக்காரர்கள் என் வழுக்கைத் தலையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் மச்சான் ரசத்தைக் காட்டி, "இதை எதுலயும் ஊத்தீராதீங்க" என்றார். விசிலண்ணன் பேரைக்கூட இனிமேல் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது உங்கள் அம்மா தாரணியின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, பின்னலைத் தடவிக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. டீக்கடை முன்னால் என் மானத்தை வாங்கியதோடு விசிலண்ணன் நிறுத்தியிருக்கலாம். எவ்வளவு தூரத்துக்கு இந்தப் பிள்ளைக்குக் கெட்ட பேர் போயிருக்கிறது என்று, வழியில் உங்கள் அம்மாவிடம் அவர் சாவகாசமாக விசாரித்துக்கொண்டு வந்தாரே, அதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை. நான் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டியதை, அவர் மண்டபப் படியில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். "எந்தச் செவப்புங்க?" என்று அந்தப் பெண் பத்து பாட்டிலை எடுத்து வைத்தாள். மீசை வைத்த மனிதன் நான், ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ரெண்டு பாட்டில் வாங்கினேன். தாரணி, உன் மேசை மேல் கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்த பாட்டில் அதில் ஒன்று.

இன்னொன்றோடு போத்தனூர் போனேன். பட்டறையில் யாரும் இல்லை. ஆனாலும் திறந்தே கிடந்தது; பூட்டெல்லாம் சாமான் பெட்டிக்கு மட்டும்தான். மீட்டர் வழக்கமான ஆணியில் தொங்கியது. பெட்ரோல் துணியால் துடைத்துத் துடைத்துக் கோடு பாதி அழிந்திருந்தது. அழிந்த இடத்தின் மேல் புதுக் கோடு ஒன்று இழுத்தேன். பாட்டிலை ஆணிக்குப் பக்கத்தில் வைத்தேன். ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது. அது போன பிறகும், கோடு காய்கிற வரைக்கும் ஊதிக்கொண்டே நின்றேன்.