இன்னும் இறங்கும் என்று காத்திருப்பவர்

விலைக்கழிவு வீரர் என்றோர் இனம் நம் கரையோரத்தில் பெருகிவிட்டது. பெரியநீலாவணையில் பஸ் ஏறி அக்கரைப்பற்றில் இறங்குவதற்குள் அந்த இனத்தில் ஒருவரையாவது நீங்கள் உரசிக்கொண்டு போயிருப்பீர்கள். கவனிக்கவில்லை என்றால் குற்றம் உங்கள் கண்ணில்தான். பார்வைக்கு அவர் நம்மைப் போலத்தான் இருப்பார். அரச உத்தியோகம், அளவாகக் கத்தரித்த தாடி, மோட்டார் சைக்கிளின் முன்னால் பிள்ளை, பின்னால் மனைவி, கைப்பிடியில் மரக்கறிப் பை. ஆனால் சந்தியில் வண்டியை நிறுத்தியதும் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அதில் ஆளைப் பிடித்துவிடலாம். வீட்டில் யாருக்கும் சுகமில்லையோ என்று பதறாதீர்கள். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கேமின் விலை இறங்கிவிட்டதா என்று பார்க்கிறார்.

கார் ஓட்டுகிற, பந்து அடிக்கிற கேம்களெல்லாம் அவருக்குச் சின்னப்பிள்ளை வேலை. அவருடையவை கதைக் கேம்கள். நீங்களே வாள்வீரனாகவோ மந்திரக்காரியாகவோ வேடம் கட்டி, பெயர் தெரியாத ராச்சியம் ஒன்றில் இறங்கி, எதிர்ப்படும் ஒவ்வொருவரிடமும் நின்று கதைத்து, தொலைந்த ஆட்டைத் தேடிக் கொடுத்து, அதற்குக் கூலியாக ஒரு பழைய தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு, ஊர் ஊராக அலைந்து கடைசியில் ஒரு டிராகனைக் கொல்ல வேண்டும். ஒழுங்காக ஒன்றை முடிக்க ஒரு போகம் பிடிக்கும். சாகாமத்தில் விதைத்தவன் வெள்ளாமை வெட்டி முடித்திருப்பான், இவர் இன்னும் முதலாவது ஊரில் நிற்பார். நிற்பார் என்றா சொன்னேன்? அதுகூட அதிகம். அவர் விளையாடுவதில்லை. வாங்குவார். வாங்குவாரா? அதுவும் லேசில் இல்லை. வாங்கலாமா என்று பார்ப்பார். உண்மையில் அவர் விளையாடும் ஒரே விளையாட்டு அதுதான்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? என் சகலன் நளீம் இந்த இனத்தின் தலைமகன். மாமி தன் வளவை இரண்டாகப் பிரித்து, இரண்டு பெண்மக்களுக்கும் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டிக் கொடுத்துவிட்டார். நளீமின் கம்ப்யூட்டர் மேசை என் சாப்பாட்டு மேசை ஜன்னலுக்கு நேரே வந்து அமைந்தது என் தலையெழுத்து. கல்யாணமாகிப் பெண் வீட்டுக்கு வந்த அன்று மற்ற மாப்பிள்ளைகள் உடுப்புப் பெட்டியோடு வருவார்கள். இவர், போர்வையில் சுற்றிய கம்ப்யூட்டரைப் பச்சைப்பிள்ளை போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். "அல்லாஹ், மாப்பிள்ளைக்கு முன்ன இதெல்லுவா வந்து இறங்கிது!" என்று மாமி வாயில் கைவைத்தார்.

கமக்காரன் மழைக்காலத்தை அறிவது போல இவர் இணையக் கடைகளின் மலிவு விற்பனைக் காலங்களை அறிவார். அது நெருங்கினால் நடையே மாறிவிடும். சாப்பிடும்போது தட்டைப் பார்க்க மாட்டார், பிள்ளை சட்டையைப் பிடித்து இழுத்தால் "ஓம் ஓம்" என்பார், மனைவி ஸம்றா, மீனுக்குப் புளி போதுமா என்று கேட்டால் "அதுக்கு விமர்சனம் எப்பிடி?" என்பார். விற்பனை தொடங்கியதும் விமர்சனங்களை வாசிக்கத் தொடங்குவார். முதலில் ஏசியவர்கள் எழுதியது. பிறகு புகழ்ந்தவர்கள் எழுதியது. பிறகு ஏசியவர்களுக்குப் புகழ்ந்தவர்கள் எழுதிய மறுமொழி. ஒரு கேமை வாசித்தே முடித்துவிட்டு, "கதைட முடிவு சரியில்ல" என்று அதைத் தள்ளிவிடுவார். முடிவு தெரிந்துவிட்டதால் இனி வாங்கவும் தேவையில்லை அல்லவா?

அப்படியும் தப்பித் தவறி அவரிடம் அகப்பட்டவை கம்ப்யூட்டருக்குள் வரிசையாகக் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு வீரன் முதலாவது ஊரின் கிணற்றடியில், உள்ளாடையும் மரக்கத்தியுமாக நின்றபடி நளீமின் வருகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதைச் சொன்னால் கோபம் வரும். "விளையாட எப்பவும் ஏலும். மலிவா எடுக்க எப்பவும் ஏலுமா?" என்பார். முழு விலைக்கு வாங்குகிறவன் அவருடைய அகராதியில் மோடன், புத்தி கெட்டவன். இன்று வாங்குகிறவன் அரை மோடன். ஏனென்றால் விலை எப்போதும் இன்னும் இறங்கும்.

இந்த நம்பிக்கை அவருக்குத் தாய்வழி வந்தது. அவருடைய தாய் ஆயிஷா உம்மா கல்முனை பஸாரில் சாரி வாங்கும் அழகைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சாரியை விரிக்கச் சொல்வார், தடவுவார், முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், விலையைக் கேட்டதும் நெருப்பைத் தொட்டவர் போலக் கையை எடுப்பார், பக்கத்துக் கடைக்காரனின் நல்ல குணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார், பிறகு படியிறங்கி நடப்பார். மெதுவாக. திரும்பிப் பார்க்கவே மாட்டார். "திரும்பினா விலை ஏறும் மகன்" என்பது அவர் மகனுக்குச் சொல்லி வைத்த பாடம். மூன்றாவது கடையைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வரும்: "உம்மா, இஞ்ச வாங்க, உங்களுக்கெண்டு கடைசி விலை சொல்றன்!"

நளீம் இதை அப்படியே இணையக் கடைக்குக் கொண்டுபோனார். கேமைத் தெரிவு செய்து, கூடைக்குள் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஒருநாள் 'உங்கள் கூடையில் பொருள் இருக்கிறது, மறந்துவிட்டீர்களா?' என்று கடையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அது எல்லோருக்கும் வருகிற கடிதம். இவர் வளவு முழுக்கக் காட்டித் திரிந்தார்: "பாத்தீங்களா? கூப்பிடுறான்!"

இப்படிப்பட்டவரிடம் ஊரே ஆலோசனை கேட்கும். ஏன் கேட்காது? பாண்டிருப்பிலிருக்கும் கோகுலன், அவரோடு கந்தோரில் வேலை செய்கிறவர், ஒருநாள் அறியாமல் கேட்டுவிட்டார்.

"மச்சான், பிறந்தநாளுக்கு எனக்கு நானே ஒரு கேம் எடுப்பமெண்டு பாக்கிறன். ஒண்டே ஒண்டு சொல்லு."

"அப்பிடிச் சட்டெண்டு சொல்ல ஏலா. நீ வாளா, மந்திரமா? ஆள் மாறி ஆள் அடிக்கிறதா, ஓடி ஓடி அடிக்கிறதா? கதை சோகமா முடிஞ்சா தாங்குவியா?"

"டிராகன் ஒண்டு இருந்தாப் போதும் மச்சான்."

"டிராகனா? நல்ல டிராகனா, கெட்ட டிராகனா?"

கோகுலன் பிறந்தநாளுக்கு ஒரு சோடி செருப்பு வாங்கினார்.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அஸ்பாக் வரும் வரைக்கும்.

அஸ்பாக், நளீமின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்கள், ஒரே நாளில் அடி வாங்கியவர்கள். அஸ்பாக்குக்குக் கட்டாரில் வேலை சரிவந்து, வெள்ளிக்கிழமை விமானம் என்றாகிவிட்டது. விற்பனைக் காலமும் அதே கிழமையில் வந்து விழுந்தது. அஸ்பாக் முற்றத்தில் நின்று சொன்னது என் ஜன்னல் வரைக்கும் கேட்டது.

"மச்சான், ஓ.எல். படிக்கிற காலத்துல இரிந்து சொல்றம், ரெண்டு பேரும் ஒண்டா இரிந்து ஒரு கேமத் துடக்கத்துல இரிந்து விளையாடணுமெண்டு. போனா ரெண்டு வரிசத்துக்கு வர ஏலா. இந்தக் கிழமை ஒவ்வொரு பின்னேரமும் வாறன். ஒண்ட எடுத்து வையி. எதெண்டாலும் சரி."

'எதெண்டாலும் சரி.' விலைக்கழிவு வீரரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. நளீம் அதைத் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாக எடுத்துக்கொண்டார். கூட்டாளி ஊரை விட்டுப் போகிறான். அவனுக்கு ஏனோதானோ கேமையா கொடுப்பது?

அஸ்பாக் சொன்னபடியே அஸர் தொழுதுவிட்டு வருவார். ஷொப்பிங் பைக்குள் தன்னுடைய கேம் கொன்ட்ரோலரையும் கொண்டுவருவார். கதிரையை இழுத்து நளீமுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கொன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். ஸம்றா பிளேன்டீ கொண்டுவந்து வைப்பா. நளீம் விளக்கத் தொடங்குவார்.

"இது நல்லம். ஆனா ரெண்டாவது ஆளுக்குக் கதையில மதிப்பில்ல. நீ சும்மா பின்னால ஓடி வரணும்."

"நான் ஓடுறன்டா."

"சே, அது சரியில்ல. இதப் பாரு. எல்லாம் சரி, ஆனா குதிரை நடக்கிற விதம் பிழையெண்டு ஒருத்தன் எழுதியிரிக்கான்."

"ஆருடா அவன்?"

"நோர்வேக்காரன்."

"அவன்ட குதிரைக்கும் நமக்கும் என்னடா?"

இப்படியே பின்னேரங்கள் போயின. தேநீர் ஆறியது. அஸ்பாக்கின் மடியில் கொன்ட்ரோலர் கிடந்தது. சோற்றைப் பிசைந்தபடி பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளி நெருங்க, எல்லாச் சல்லடையிலும் விழாமல் ஒரு கேம் மிஞ்சியது. இரட்டை வாள் ராச்சியம் என்று பெயர். இரண்டு பேருக்கும் சம மதிப்பு, நல்ல டிராகன், கெட்ட டிராகன் இரண்டும் உண்டு, குதிரையே கிடையாது. விலையும் பாதிக்கு வந்திருந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

அவசரப்பட்டுவிட்டேன். "போன வரிசம் இதவிட இறங்கியிரிக்கி" என்றார் நளீம்.

அன்று வியாழக்கிழமை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு நளீம் கேமைக் கூடைக்குள் போட்டார். கம்ப்யூட்டரை அணைத்தார். போனையும் அணைத்தார். "வா மச்சான், கடற்கரைக்கு" என்றார்.

"ஏன்டா? எடுத்துட்டுப் போவமே."

"எடுக்கத்தான் போறம். திரும்பிப் பாக்கப்படா. கூப்பிடுவான்."

என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். கரையில் ஏற்றி வைத்திருந்த தோணி ஒன்றில் சாய்ந்து கச்சான் கோது உடைத்துக் கொறித்தோம். நளீம் விலைகளின் போக்கைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தார். அஸ்பாக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "மச்சான், எனக்குக் கேம் முக்கியமில்லடா. உனக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம் இரிக்கணும், அவ்வளவுதான். அங்க போனா ஆரு இரிக்கா எனக்கு?"

"அதுக்குத்தானேடா நல்லதா எடுக்கப் பாக்கிறன்" என்றார் நளீம். மனதாரத்தான் சொன்னார். அன்பு இல்லாத மனிதர் என்றால் எனக்கு இவ்வளவு கோபமே வந்திருக்காது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், கடைக்காரனின் நாட்டு நேரக் கணக்கில் விற்பனைக் காலம் முடிந்திருந்தது. இரட்டை வாள் ராச்சியம் தன் முழு விலைக்கு ஏறிப்போய் நின்றது. வெண்ணெய் திரண்டு வரத் தாழி உடைந்த கதை. கடைக்காரன் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போன் அணைந்துதான் கிடந்தது.

"சரி, முழு விலைக்கு எடு. நான் சல்லி தாறன்" என்றார் அஸ்பாக்.

"முழு விலைக்கா?" நளீமின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! யாரோ ஹராமானதைச் சாப்பிடச் சொன்னது போல இருந்தது. "அடுத்த சேல்ல இதுல பாதிக்கு வரும்டா."

"இஞ்சருங்க," என்றா கதவருகில் நின்ற ஸம்றா, "அடுத்த சேல்ல அஸ்பாக் காக்கா வருவாரா?"

நளீம் சட்டைப்பைக்குள் கையை விட்டார். வங்கி அட்டையை எடுத்தார். இலக்கங்களைத் தட்டத் தொடங்கினார். நான் என் பக்கத்து ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். பாதியில் கையை நிறுத்தி, "ஒரு நிமிசம், வேற கடையில இன்னும் சேல் இரிக்கா எண்டு மட்டும் பாத்திடுறன்" என்றார்.

அவர் பார்த்து முடிக்கவில்லை. அஸ்பாக்கின் வாப்பா போன் எடுத்து, பெட்டி கட்ட வேண்டும், வீட்டில் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று கூப்பிட்டார். அஸ்பாக் எழுந்தார். கொன்ட்ரோலரைப் பைக்குள் போட்டார். நளீமைக் கட்டிப்பிடித்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த விற்பனைக் காலமும் வந்தது. நளீம் சொன்னதில் பிழையே இல்லை. இரட்டை வாள் ராச்சியம் வரலாறு காணாத விலைக்கு இறங்கியது. நளீம் உடனே வாங்கினார். ஆம், வாங்கியேவிட்டார். துள்ளிக் குதித்துக் கட்டாருக்கு அழைப்பு எடுத்தார்.

"மச்சான், எடுத்துட்டன்! நான் சொல்லல்ல? என்ன விலைக்குத் தெரியுமா?"

"மாஷா அல்லாஹ்டா" என்றது அஸ்பாக்கின் குரல். "எனக்கிட்ட இஞ்ச கம்ப்யூட்டரும் இல்ல, நேரமும் இல்ல. நீ விளையாடு. டியூட்டிக்கு பஸ் வந்திட்டு, வைக்கிறன்."

நளீம் கேமைத் திறந்தார். விளையாடப் போவது ஒருவரா, இருவரா என்று அது கேட்டது. சுட்டியை 'ஒருவர்' மேல் கொண்டுபோனார், 'இருவர்' மேல் கொண்டுபோனார். இவ்வளவு நாளும் ஏசிய எனக்கே அந்த முதுகைப் பார்க்க என்னவோ செய்தது. பிறகு கேமை மூடிவிட்டு, அடுத்த மாதம் எது இறங்கும் என்று தேடத் தொடங்கினார்.

பாவம் நளீம், என்கிறீர்கள். நமக்கும் கம்ப்யூட்டர் கேமுக்கும் என்ன சம்பந்தம், நாம் புத்தகம் வாசிக்கிற ஆட்கள், என்றும் சொல்கிறீர்கள். நல்லது. அப்படியானால் கையிலிருக்கும் இந்தப் புத்தகத்தை எந்தக் கண்காட்சியில், என்ன கழிவில் வாங்கினீர்கள்? வாங்கி எவ்வளவு காலம் அலுமாரியில் படுக்க வைத்திருந்தீர்கள்? வாசித்துவிட்டு இதைப் பற்றி ஆறுதலாக இருந்து கதைப்போம் என்று ஒருவருக்குச் சொல்லியிருந்தீர்களே, அவர் இப்போது எங்கே இருக்கிறார்?