உள்ளே போனவர்களின் குடைகள்

வீட்டில் பேய் இல்லையென்றால் நாமே ஒன்றை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான் என்று ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டே முடிவெடுத்தேன். வெளியாளைப் பிடித்தால் விஷயம் கசிந்துவிடும். அதனால் பேய் வேலையையும் நானே பார்த்துக்கொள்வதாகத் தீர்மானம்.

காரணம் என் மனைவி. அவள் மனநல உளவியலாளர். அடுத்தவர் மனதைப் படிப்பது அவள் தொழில். என் மனது அவளுக்கு மனப்பாடம். பெரிய ஆஸ்பத்திரியில் தற்காலிக வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டு, எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தின் கடைசியில் கிடந்த சாமான் அறையைக் காலி செய்து ஆலோசனை அறை ஆக்கிவிட்டாள். அந்த அறைக்குள் நான் போய் வருஷக்கணக்கு ஆகிறது. போனால் ஒட்டடை அடிக்கச் சொல்வாள்.

இப்போது அதே ஆஸ்பத்திரி அவளைத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. நிரந்தர வேலை. மாதச் சம்பளம், வருடாந்திர உயர்வு, ஓய்வூதியம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கண் கலங்கிவிடும். முந்தின இரவே பேச்சை எடுத்தேன்.

"யோசிச்சுப் பாரும்மா. இன்னைக்கு உளவியலாளர். கொஞ்ச வருஷத்துல முதுநிலை. அப்புறம் துறைத் தலைவி. சுழல் நாற்காலி!"

"தலைவிக்கு என்ன வேலைன்னு தெரியுமா? வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போடுறது. பதவி ஏற ஏற ஆளுங்க முகம் குறையும், காகிதம் கூடும்."

"சம்பளமும் கூடுமே!"

"அங்க என் அறைன்னு இருந்தது ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் ஒருத்தர் அழுவார். ஊசி போட வந்தவங்க அந்தப் பக்கத்துல இருந்து எட்டிப் பார்ப்பாங்க. அழுதவர் அடுத்த தடவை வரவே மாட்டார்."

"இங்க மட்டும் வந்து குவியுறாங்களா? போன வாரம் ஒரு ஈ கூட வரலையே."

அவள் முகம் ஒரு நொடி வாடிவிட்டது. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஓய்வூதியம் அதைவிடப் பெரியதாகத் தெரிந்தது.

"சரி. வியாழக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். ஆளு வரலைன்னா ஆஸ்பத்திரிக்கே போயிடறேன். போதுமா?"

போதும். வருகிறவர்களை வரவிடாமல் செய்வது மட்டும்தான் பாக்கி. அதற்குத்தான் பேய்.

ஆலோசனை அறைக்கு நேர் மேலே, மாடியில் ஒரு காலி அறை உண்டு. ஆபீசுக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, வெளிப்படிக்கட்டு வழியாகப் பூனை மாதிரி ஏறினேன். கையில், கால் சுளுக்கியபோது வாங்கிய ஊன்றுகோல். ஜன்னலில் கழுத்தை நீட்டினால் வாசல் தெரியும். நல்ல மழை. பகலிலேயே இருட்டிக் கிடந்தது.

கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். கறுப்புக் குடையை மடக்கி வாசல் வாளியில் வைத்துவிட்டு உள்ளே போனார். உடனே கீழே அந்த இரையும் பெட்டி ஆரம்பித்தது. உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக அவள் வாங்கி வைத்த கருவி. இடைவிடாமல் உஸ்ஸென்று இரையும். கூர்ந்து கேட்டால் யாரோ நம் பெயரைச் சொல்வதுபோல் இருக்கும். நான் கூர்ந்து கேட்காமல் இருக்கப் பார்த்தேன்.

ஊன்றுகோலைத் தரையில் ஊன்றினேன். டொக். டொக். டொக்.

அலறல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மழையும் இரைச்சலும்தான். அப்புறம், என் பாதத்துக்கு நேர் கீழே இருந்து:

டொக். டொக். டொக்.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டேன். சோதிப்பதற்காக இரண்டு தட்டினேன். இரண்டு வந்தது. கோலைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றேன். நான் தட்டாமலே ஒன்று வந்தது. 

அந்த ஆள் வெளியே வரட்டும், முகத்தைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும் என்று ஜன்னலிலேயே நின்றேன். அவர் வரவில்லை. மழை விட்டது. மடக்கிய பச்சைக் குடையோடு ஒரு பெண் வந்து உள்ளே போனாள். அவளும் வரவில்லை. மழை விட்டது. தெருவிளக்கு எரிந்தது. வாளியில் குடைகள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன.

ஆபீசிலிருந்து வருகிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டு வாசல் வழியாக வந்தேன். மனைவி சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு யாராவது வந்தாங்களா?"

"அதை நான் சொல்லக் கூடாது. தொழில் தர்மம்."

"சரி, வந்தவங்க போயிட்டாங்களா?"

"வந்தாங்கன்னே நான் சொல்லலையே."

"வாசல்ல குடை இருக்கு!"

"போகும்போது அவங்களுக்கு அது தேவைப்படலை," என்றாள். கத்தி நிற்கவில்லை.

அன்று காயைத் தொடாமல் வெறும் சோறு தின்றேன்.

செவ்வாய்க்கிழமையும் அரைநாள் விடுப்பு போட்டேன், தட்டுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. இன்னும் சிலர் உள்ளே போனார்கள். யாரும் திரும்பவில்லை. புதன்கிழமை வாளி நிரம்பி, குடைகள் சுவரில் சாய்ந்து நின்றன. எதிர்வீட்டுத் தையல்காரர் சைகை காட்டிக் கூப்பிட்டார். நாள் முழுக்க எங்கள் வாசலைப் பார்த்தபடி மிஷின் மிதிப்பவர்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்குள்ள போறவங்க எப்ப சார் வெளிய வருவாங்க?"

"நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

"ஊசியில நூல் கோக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் உங்க வாசலைத்தான் சார் பார்க்கிறேன். போறாங்க. அவ்வளவுதான்."

"அப்படியெல்லாம் இருக்காது."

"கண்ணாடிக்காரர் நம்ம வாடிக்கை. திங்கட்கிழமை உள்ள போகும்போது, 'இதோ வரும்போது சட்டையை வாங்கிக்கிறேன்'னார்."

"அப்புறம்?"

அவர் மேலே காட்டினார். கொக்கியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. காற்றே இல்லை. லேசாகத் திரும்பியது.

"அம்மா நல்லவங்கதான் சார். இருந்தாலும் பார்த்து நடந்துக்கோங்க," என்றார்.

வியாழக்கிழமை. மறுபடி மழை. நான் மாடியில் நின்றது பேயாக அல்ல, சாட்சியாக. அப்போது வாசல் கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். குடை இல்லை. தொப்பலாக நனைந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதே ஆள். திங்கட்கிழமை உள்ளே போய், வெளியே வராத ஆள். இப்போது வெளியிலிருந்து வருகிறார்!

இரைச்சல் ஆரம்பித்தது. நான் ஊன்றுகோலைத் தொடவேயில்லை. ஆனால் கீழே இருந்து தட்டல் வந்தது. டொக். நான் இடப்பக்கம் நகர்ந்தேன். பலகை கிறீச்சிட்டது. தட்டலும் இடப்பக்கம் நகர்ந்தது. சுவரோரம் ஒண்டினேன். சுவரோரம் தட்டியது.

எவ்வளவு நேரம் அங்கே ஒட்டிக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. தட்டல் எப்போதோ நின்றிருந்தது. அது நின்றதுதான் இன்னும் பயமாக இருந்தது. படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, ஆலோசனை அறைக் கதவைத் தள்ளித் திறந்தேன்.

உள்ளே யாரும் இல்லை.

எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். நடுவில் கண் துடைக்கும் காகிதப் பெட்டி. ஒரு நாற்காலியில் இன்னும் ஈரம். பின்சுவர் முழுக்க ஒரு திரை. அது அசைந்துகொண்டிருந்தது. திரையின் விளிம்பில் நான்கு விரல்கள் முளைத்தன.

நான் கத்தியது தையல்காரருக்குக் கேட்டிருக்கும்.

"உக்காருங்க," என்றாள் என் மனைவி, திரையை விலக்கிக்கொண்டு வந்து.

உட்கார்ந்தேன். அவள் எதிரே உட்கார்ந்தாள். சும்மா இருந்தாள். அப்படிச் சும்மா இருப்பதற்குத்தான் அவள் ஆறு வருஷம் படித்திருக்கிறாள். தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஊன்றுகோல், அரைநாள் விடுப்பு, பேய், வெறும் சோறு எல்லாம்.

"உன்னைப் பார்த்தாலே பயமா இருக்கு. ஆனா அதைவிடப் பயம் வேற ஒண்ணு. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆயிட்டா, மாசச் சம்பளம் இல்லாம நீ என்ன பண்ணுவே?"

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா ஊன்றுகோல் தேஞ்சிருக்காதே," என்றாள். குரல் கொஞ்சம் கனிந்திருந்தது. எழுந்துபோய்த் திரையை முழுசாக விலக்கினாள்.

அங்கே ஒரு கதவு. பழைய சாமான்களுக்குப் பின்னால் இத்தனை வருஷம் மறைந்திருந்த கதவு. அதைத் தாண்டிப் பின்சந்து.

"அழுத முகத்தோட ஒருத்தர் வெளிய வரும்போது, காத்திருக்கிறவங்க அவரைப் பார்க்கக் கூடாது. அதனால வர்றது முன்பக்கம், போறது பின்பக்கம். மழை விட்டிருந்தா குடையை மறந்துடறாங்க. ஒருநாள் இங்க ஒட்டடை அடிக்க வந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"அப்போ பதிலுக்குத் தட்டினது நீதானே?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் தட்டலைங்க."

அவள் பொய் சொல்ல மாட்டாள். அதுதான் சிக்கல்.

"அப்போ யாரு?"

"அதை நான் சொல்லக் கூடாது."

வெள்ளிக்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் முழுக்க ஆட்கள் பதிவு செய்திருந்தார்களாம். மாடிப்பக்கம் தலைவைத்துப் படுப்பதையே விட்டுவிட்டேன். ஆபீஸ் விட்டதும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். கூட ஆள் நடமாட்டம் இருந்தால் தைரியமாக இருக்கும் அல்லவா? சும்மா உட்காருவானேன் என்று குடைகளை வாங்கி வைத்தேன், திருப்பிக் கொடுத்தேன், வருகிறவர்களை வரிசைப்படி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துக் கண்ணாடிக்காரர் வந்தார். புது வெள்ளைச் சட்டை. கறுப்புக் குடையை எடுத்து நீட்டினேன்.

"மேல இருந்தவர் இப்போ தட்டுறதே இல்லையே சார்?" என்றார்.

"எந்த மேல இருந்தவர்?"

"சத்தம்னாலே நடுங்குவேன் சார் நான். முதல் நாள் மேல தட்டினதும் உயிரே போயிடுச்சு. அம்மாதான் ஒரு கம்பைக் கையில கொடுத்து, 'பயப்படாதீங்க, பதிலுக்கு நீங்களும் தட்டுங்க'ன்னாங்க. தட்டத் தட்டப் பயம் எங்கேயோ போயிடுச்சு!"

எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

"யாரும்மா மேலன்னு கேட்டேன். 'நம்ம ஆளுதான், கொஞ்ச நாள்ல கீழ வந்துடுவார், வாசலுக்கு ஆள் தேவைப்படுது'ன்னாங்க."

நான் எழுந்தேன். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கதவை நோக்கி ஓர் அடி வைத்தேன். உள்ளிருந்து அவள் குரல் வந்தது: "ஏங்க, அடுத்தவரை அனுப்புங்க!"

அனுப்பினேன். அவளுக்காக நான் ஆசைப்பட்ட நிரந்தர வேலை எனக்கே கிடைத்துவிட்டது, சம்பளம்தான் இல்லை.