பத்து விரலுக்கும் ஓய்வு

"விழலடா," என்றபடி அப்பா குடியேற்ற அலுவலகத்திலிருந்து வந்து காரில் ஏறி உட்கார்ந்தார். "பத்து விரலையும் மாத்தி மாத்தி அமுக்கிப் பார்த்தாச்சு. ஒண்ணுலகூட ரேகை விழல."

ஓட்டுநர் இருக்கையிலிருந்த மகன் தேதியை எண்ணிப் பார்த்தான். அப்பாவின் குடியிருப்பு அட்டை மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் விமானம் ஏற்றிவிடுவார்கள். எழுபத்தைந்து முடிந்த மனிதர். ஊரில் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் கிடையாது.

"ரேகை எங்கப்பா போச்சு?"

"பாத்திரத்தோட போச்சு. சோப்புத் தண்ணி அரிச்சிடுச்சாம். ரெண்டு வாரம் கையில ஈரமே படாம இருந்தா திரும்ப வருமாம்."

எட்டு வருடத்துக்கு முன், இந்த நாட்டுக்கு வந்த முதல் நாள், அப்பா தாம் காப்பி குடித்த டம்ளரைத் தாமே கழுவி வைத்தார். மறுநாள் பக்கத்தில் கிடந்த தட்டையும் சேர்த்துக் கழுவினார். அதன்பிறகு அந்த வீட்டில் வேறு யாரும் பாத்திரம் கழுவியதாகச் சரித்திரமே இல்லை. நினைக்க நினைக்க மகனுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று முதல் அப்பாவின் விரல்களுக்கு ராஜ மரியாதை. மருமகள் களிம்பு வாங்கி வந்து இரண்டு வேளையும் தடவி, பருத்திக் கையுறையை மாட்டிவிட்டாள். இரண்டாம் நாளே பழக்க தோஷத்தில், "மாமா, இந்த வெங்காயத்தைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள்.

அப்பா கையுறைக் கைகள் இரண்டையும் தூக்கிக் காட்டினார். வெங்காயம் அவளிடமே திரும்பிப் போனது.

துணி மடிக்கக் கூடாது, உராயும். துடைப்பத்தைத் தொடவே கூடாது. டிவி ரிமோட் மட்டும் பரவாயில்லை. "அதை நகத்தால அமுக்கிக்கலாம்," என்றார் அப்பா.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனார்கள். அலுவலக வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. முன்போலவே மகன் தெருவை ஏழு தடவை சுற்றினான். அப்பா ஒரு மணி நேரம் கழித்து வந்தார்.

"களிம்பு வழுக்குதாம். இருந்த கொஞ்சநஞ்ச ரேகையும் போச்சாம். இன்னும் ரெண்டு வாரம் ஓய்வாம்."

வீட்டில் போர் மூண்டது.

"நேத்து நான்தானே கழுவினேன்?" என்றான் மகன்.

"நேத்து ரெண்டு தட்டு. இன்னிக்கு அடிப்பிடிச்ச குக்கர். கணக்கு சரியாயிடுமா?" என்றாள் மனைவி.

குக்கரைச் சுரண்டிச் சுரண்டி மகனின் கட்டைவிரல் வழவழவென்று ஆனது. அந்த வாரமே அவன் அலுவலகத்தின் வருகைப் பதிவு மெஷின் அவனை யாரென்றே தெரியாது என்று கைவிரித்துவிட்டது.

"மூணு நாள் ஆப்சென்ட்னு காட்டுதேப்பா," என்றார் மேலாளர்.

"சார், மூணு நாளும் உங்க எதிர்லதானே உக்காந்திருந்தேன்?"

"எனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியணுமே."

வீட்டுக்கு வந்து புலம்பினான். அப்பா அவன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"கையுறை வேணுமாடா? என்கிட்ட இன்னொரு ஜோடி இருக்கு."

மாதக் கடைசி நாள் வந்தது. மகனுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. அப்பா மட்டும் குறட்டைவிட்டுத் தூங்கி எழுந்து, சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போடக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். இஸ்திரி போட்டது மகன்தான்.

அலுவலக வாசலில் மகன் வண்டியை நடைபாதையோரம் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கினான்.

"நீ எதுக்குடா?" என்றார் அப்பா. அவர் முகத்தில் இந்த ஒரு மாதத்தில் முதல்முறையாகக் கவலை தெரிந்தது. "வண்டியைத் தூக்கிட்டுப் போயிடப் போறாங்க. நீ உள்ளேயே இரு."

"தூக்கிட்டுப் போகட்டும். உங்களைத் தூக்கிட்டுப் போகாம இருந்தா போதும். நானே அதிகாரி கால்ல விழறேன்."

அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினான். அப்பாவோ படிக்குப் படி நின்று மூச்சு வாங்கினார். கதவருகே நின்ற காவலாளி அவரைப் பார்த்ததும் பழகிய சிரிப்போடு எழுந்தார்.

"வாங்க பெரியவரே! எழுபத்தஞ்சு முடிஞ்சவங்களுக்கு ரேகையே வேண்டாம்னு முதல் நாளே கையில புது அட்டையைக் கொடுத்துட்டாங்களே, இன்னிக்கும் பேப்பர் படிக்கத்தான் வந்தீங்களா?"