தெருமுனையிலேயே கேட்க வேண்டிய கேம்ஷாஃப்ட்

செவிலிமேடு,
ஞாயிறு காலை (கோயிலுக்குப் போகவில்லை, மன்னிக்கவும்)

கர்த்தருக்குள் அன்பான மாமா யேசுதாஸ் அவர்களுக்கு, மருமகன் கிறிஸ்டோபர் எழுதிக்கொள்ளும் ஸ்தோத்திரம். நான் நலம். தென்னேரியில் உங்கள் முழங்கால், அத்தையின் சர்க்கரை, ஏரித் தண்ணீர் எல்லாம் அதனதன் அளவில் இருக்கும்படி ஜெபிக்கிறேன். போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று கோபப்படாதீர்கள். போனை லில்லி அத்தை வாங்கிவிடுகிறார்கள். அத்தை அழ ஆரம்பித்தால் எனக்கு எஞ்சின் சமாச்சாரம் பேச வாய் வருவதில்லை.

சுகாசினியின் வருஷ நினைவு ஜெபத்துக்கு அவள் ஆசைப்பட்ட பழைய காண்டஸா காரில்தான் வர வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். வண்டி இருக்கிறது. எஞ்சின் மட்டும் அக்குவேறு ஆணிவேறாக எங்கள் கட்டிலில், அவள் படுக்கும் பக்கம் கிடக்கிறது. இடம் காலியாக இருந்தது, வைத்தேன். எந்தக் கேம்ஷாஃப்டை மாட்டுவது என்பதுதான் பாக்கி. எஞ்சினுக்குள் சுற்றுகிற முட்டு முட்டான இரும்புத் தண்டு அது. காத்து உள்ள வர்ற கதவு, புகை வெளிய போற கதவு, ரெண்டையும் எப்போ திறக்கணும், எவ்வளவு நேரம் திறந்து வைக்கணும்னு அதுதான் முடிவு பண்ணும். எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற டர்போ நம்ம வண்டியில ஏற்கெனவே இருக்கு. நான் அதுக்குப் பொருத்தமா ஒண்ணு வாங்கி வெச்சிருந்தேன். போன வாரம் இன்னொண்ணு வந்தது மாமா. சுகாசினி பேருக்கு.

நான் ஒரகடத்தில் வேலையில் இருந்தபோது பக்கத்து வீட்டு துர்கா அக்கா பார்சலை வாங்கி வைத்திருந்தார். தறி வீடு அது. நீளமா இரும்பு வந்தா தறிக்குத்தான்னு அவங்களாவே பிரிச்சு, முட்டுக்கு முட்டு மஞ்சள் தடவி, குங்குமம் வெச்சு, பழைய பட்டுத்துணியில சுத்தி, மல்லிப்பூவும் கட்டி வெச்சிட்டாங்க. "இன்னாக்கா இது?"ன்னேன். "புது இரும்பு வூட்டுக்கு வந்துக்குது, மொட்டையாவா வைப்பாங்க?" "நாங்க கிறிஸ்டீன்க்கா." "நீ கிறிஸ்டீனு தம்பி. இரும்பு இன்னா பண்ணுச்சு?" அப்புறம்தான் பார்சல்ல இருந்த பேரைப் பார்த்தேன். அவ உசிரோட இருக்கும்போது எனக்குத் தெரியாம ஆர்டர் போட்டிருக்கா. வெளிநாட்டுல கடைஞ்சு, கப்பல்ல ஏறி, இப்பதான் வந்து இறங்கியிருக்கு. அக்கா முறத்தைத் தள்ளிவிட்டு என்னை உக்கார வெச்சாங்க மாமா.

மண்ணெண்ணெய்ல குங்குமத்தைக் கழுவி, அளந்து பார்த்தேன். டர்போ இல்லாத ரேஸ் வண்டிக்கான தண்டு. துர்கா அக்கா வீட்டுக்காரர் உதயகுமார் அண்ணன் தறியில பாவு நூல் பிணைக்கிறதை விட்டுட்டு வந்து, "அதுல இன்னாபா கோளாறு?"ன்னார். "இதுல ரெண்டு கதவும் ரொம்ப நேரம் ஒண்ணா திறந்து நிக்கும்ணா. டர்போ வெளிய போற வழியை அடைச்சு நெருக்குறதால, போன புகை திரும்பி உள்ள வந்துடும். தப்பு அது." துர்கா அக்கா என்னையே பார்த்தார். "போனது திரும்பி வர்றது தப்பா தம்பி?" நான் நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சவன். தண்டை மறுபடி அந்தப் பட்டுத்துணியிலேயே சுத்தினேன்.

மாற்றித் தரச் சொல்லி சென்னையில் விற்ற ஃபைசான் பாய்க்குப் போன் போட்டேன். "மேடம் கேட்டதைத்தான் சார் அனுப்பிக்கிறேன். மேடத்துக்கிட்ட போனக் குடுங்க." "வெளிய போயிருக்காங்க"ன்னேன். "எப்ப வருவாங்க?" "கேட்டுச் சொல்றேன்"னுட்டேன் மாமா. யாரைக் கேட்கிறது? வாயில் வந்தது அதுதான். அவர் விடவில்லை. "டர்போவா இல்லியான்னு நான் கேட்டேன் சார். 'அதெல்லாம் எனக்குத் தெரியாது பாய், சத்தம் வேணும்'னாங்க. உங்க வண்டி தெருமுனைல திரும்பும்போதே கேக்கணுமாம், அப்பதான் தோசைக்கல்லை அடுப்புல வைக்க முடியுமாம். நீங்க பூனை மாதிரி வந்து நிக்கிறீங்களாமே?" வாஸ்தவம்தான். டர்போ பாதிச் சத்தத்தை முழுங்கிவிடும். கல் காய்கிறவரை நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவள் திட்டுவாள். கடைசியாக, குங்குமம் வைத்தால் திரும்ப எடுப்பீர்களா என்று கேட்டேன். அவரை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லையாம், அனுப்புங்க பார்க்கலாம் என்றார்.

ஆகையால் மாமா, நன்றாக யோசித்து முடிவு செய்துவிட்டேன். எஞ்சினுக்குத் துக்கம் தெரியாது, அளவுதான் தெரியும். அவள் வாங்கியதை நாளைக்கே திருப்பி அனுப்புகிறேன். நான் வாங்கியதைத்தான் மாட்டுவேன். வண்டி சத்தமில்லாமல், மரியாதையாக உங்கள் வாசலில் வந்து நிற்கும். மகள் வாங்கியதை மருமகன் தள்ளிவிட்டான் என்று அத்தை வருத்தப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கும் உங்களுக்கும் நல்ல தூக்கத்தைக் கர்த்தர் தருவாராக. எனக்கும் கொஞ்சம் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்,
கிறிஸ்டோபர்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட மறந்து, இன்று சனிக்கிழமை ஆகிவிட்டது. மேலே இருப்பதை நம்ப வேண்டாம். டர்போவைக் கழட்டிட்டேன் மாமா. அவ தண்டுதான் உள்ள இருக்கு. ஏத்தத்துல வண்டிக்கு மூச்சு வாங்கும், பரவாயில்ல. சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணினதுக்கு உதயகுமார் அண்ணன் தறியை விட்டு எழுந்து ஓடி வந்துட்டார். ஜெபத்தன்று நான் ஏரிக்கரையில் திரும்பும்போதே உங்களுக்குக் கேட்கும். கேட்டதும் அத்தையைக் கல்லை அடுப்பில் வைக்கச் சொல்லுங்கள்.