பாலிசி பாயும் நடு ஏரி சிக்னலும்

எதுவுமே உருப்படாது என்பதில் பாலிசி பாய்க்கு இருந்த நம்பிக்கை, இந்த உலகத்தில் வேறு யாருக்கும் வேறு எதன் மேலும் இருந்திருக்காது. பழவேற்காட்டில் யார் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாலும் முதல் ஆளாக வந்து, வாயில் லட்டைப் போட்டுக்கொண்டே மேலே சுற்றும் ஃபேனைப் பார்ப்பார். “கொக்கி ஸ்ட்ராங்கா கீதா? இதுக்கு நேர் கீழதான் படுக்கப் போறீங்களா?” அவ்வளவுதான். ஒரு வாரத்துக்கு அந்த வீட்டில் எல்லோரும் சுவர் ஓரமாகப் படுப்பார்கள்.

புது ஃபைபர் போட்டுக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டும்போது கூட்டத்தில் புகுந்து, “இதுல நீச்சல் தெரிஞ்சவங்க எத்தினி பேரு?” என்று கேட்டு அடிவாங்க இருந்த கதையும் உண்டு. ஏரிக்கரையிலேயே பிறந்தவர், ஆயுளில் ஒருநாளும் படகில் கால் வைத்ததில்லை.

ஒன்று எப்படியும் கெட்டுப்போகும் என்று எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருப்பார். இரண்டு பேனா, இரண்டு மூக்குக்கண்ணாடி, கையில் இரண்டு வாட்ச், கக்கத்தில் இரண்டு குடை. மணி கேட்டால் இரண்டு வாட்சையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டுமே தப்பாத்தாம்மா இருக்கும்” என்பார். அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் விற்கிற இன்ஷூரன்ஸ் பாலிசியில் போடும் கையெழுத்தும் வெறும் கிறுக்கல்தான்.

அப்போது நான் கடைத்தெரு மாடியில் ஒரு டிசைன் கடை வைத்திருந்தேன். மூன்று கம்ப்யூட்டர், என்னோடு இரண்டு பெண்கள். கல்யாண பேனர், கடை போர்டு எல்லாம் செய்தோம் என்றாலும், எங்களுக்குச் சோறு போட்டது சென்னையில் இருந்த ஒரு இறால் ஏற்றுமதி கம்பெனிதான். அவர்கள் பெட்டிக்கு லேபிள் வடிவமைப்பது எங்கள் வேலை. ஆனால் எங்கள் ஊர் நெட் இருக்கிறதே, காற்றடித்தால் போகும், லாரி உரசினால் போகும், சும்மாவும் போகும். இரண்டு தடவை லேபிள் நேரத்துக்குப் போகவில்லை. கம்பெனி மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: “இன்னொரு வாட்டி லேட்டானா வேற ஆளப் பாத்துக்கறோம்மா.”

பாலிசி பாய்க்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, மறுநாளே படியேறி வந்துவிட்டார். நெட் போய் அதனால் ஒப்பந்தம் போனால் ஆறு மாத வருமானத்தைக் கொடுக்கிற பாலிசியாம். மற்ற ஏஜென்ட்டுகள் மறைக்கிற நிபந்தனைகளை எல்லாம் இவர் ருசித்து ருசித்து வாசித்தார்.

“தொடர்ந்து எட்டு மணி நேரம் நெட் இருக்கக் கூடாது. நடுவுல ஒரு நிமிஷம் வந்தாலும் செல்லாது. வேற எந்த வழியிலயும் நெட் கெடச்சிருக்கக் கூடாது.”

“அப்போ எப்பதான் பாய் பணம் வரும்?”

“வராதும்மா. ஆனா பாலிசி இல்லாம இருக்கறது அத்தவிட மோசம்.”

இந்த லட்சணத்தில் விற்றால் யார் வாங்குவார்கள்? நான் வாங்கினேன்.

ஐப்பசி மழையில் அந்த நாளும் வந்தது. மாலை நான்கு மணிக்குள் லேபிள் போக வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் பொன்னேரி சாலையில் மரம் சாய்ந்து, கேபிளும் போச்சு, பஸ்ஸும் போச்சு. போன் டவரும் படுத்துவிட்டது. பத்து மணிக்கு பாய் வந்தார். “நான் சொல்லல?” என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு வாட்சையும் கழற்றி மேசைமேல் வைத்தார். “அஞ்சு மணி வரைக்கும் நெட் வராம இருந்தா பாலிசி பணம் கெடைக்கும். வராம இருக்கும்னு எனக்கு நம்பிக்க இல்ல.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “பாய், எனக்குப் பாலிசி வேணாம், கட வேணும்” என்றேன். அவர் கழற்றி வைத்த இரண்டு வாட்சையும் எடுத்துக் கட்டிக்கொண்டார். பிறகு, “நடு ஏரியில ஆந்திரா டவர் எடுக்கும்னு உங்க நைனா சொல்வாரே?” என்றார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினோம். கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த என் அப்பா, நைனா, தலையாட்டி மறுத்துவிட்டார். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாள், எந்த ஊர் வலை போடலாம் என்று எங்களுக்கு முறை உண்டு. பாடு என்போம். சிக்னல் எடுக்கிற இடம் அன்றைக்குப் பக்கத்துக் குப்பத்தின் பாடு.

“நைனா, நான் மீன் புடிக்கவா போறேன்?”

“போட்டு போய் நின்னா எறா கலைஞ்சிடும்மா. அவங்க பாட்டுல நான் எப்டி நிப்பேன்?”

பாய்தான் பக்கத்துக் குப்பத்துத் தலைவரைத் தேடிப் போய்ப் பேசிவிட்டு வந்தார்; அதற்குள் மதியம் தாண்டிவிட்டது. மூன்றரை மணி வரைக்கும் நிற்கலாம், அதற்கு மேல் வலை இறங்கும் என்று தலைவர் சொல்லியிருந்தார். நைனா சரி என்றார். அடுத்து நடந்ததுதான் அதிசயம். பாலிசி பாய் கண்ணை மூடிக்கொண்டு படகில் ஏறினார். “லேப்டாப்ப மழையில யாரு காப்பாத்துவா?” என்று ஒரு குடையை லேப்டாப்புக்கும் ஒரு குடையை எனக்கும் பிடித்து, தான் நனைந்தபடி நடுங்கிக்கொண்டே வந்தார்.

மூன்று மணிக்கு சிக்னல் வந்தது. ஃபைல் நகர ஆரம்பித்தது. எழுபது, எண்பது, எண்பத்தைந்து. மூன்றரைக்குப் பக்கத்துக் குப்பத்துப் படகுகள் வந்து கொஞ்சம் தள்ளிச் சத்தமில்லாமல் நின்றன. ஒருத்தரும் எங்களை விரட்டவில்லை. நைனா எழுந்து கழியை ஊன்றினார்.

“நைனா, தொண்ணூத்தொண்ணு! ரெண்டே நிமிஷம்!”

“சொன்ன நேரம் முடிஞ்சிடுச்சும்மா.”

பாயைப் பார்த்தேன். பல் கிட்டிக்க, “நியாயம்தாம்மா” என்றார் மனுஷன். படகு திரும்பியது. சிக்னல் போனது, போய்ச் சேராமலே ஃபைல் போனது, மறுநாள் போனில் ஒப்பந்தமும் போனது.

சரி, பாலிசியாவது இருக்கிறதே என்று நினைத்தேன். நெட் அடுத்த நாள்தான் வந்தது. எட்டு மணி நேரம் தாராளமாகத் தாண்டியிருந்தது. பாய்தான் விண்ணப்பம் எழுதினார். இரண்டு பேனாவாலும் எழுதினார். அதில், ‘மாலை மூன்று மணி முதல் மூன்றரை வரை நடு ஏரியில் நெட் கிடைத்தது’ என்றும் எழுதிவிட்டார்! திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“அத்த ஏன் பாய் எழுதினீங்க?” என்று கத்தினேன்.

“கெடச்சுதேம்மா. நானும் கூட இருந்தேனே” என்றார் பாவமாக.

நேர்மையான இரண்டு மனிதர்கள் சேர்ந்து என் கடையை மூடினார்கள். கம்ப்யூட்டர்கள் போயின. அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி காட்டுப்பள்ளி பக்கம் வேலைக்குப் போனாள், இன்னொருத்தி வீட்டோடு இருந்துவிட்டாள். நைனாவோடு ஒரு மாதமும், பாயோடு அதற்கு மேலும் நான் பேசவில்லை.

சென்னையில் ஒரு டிசைன் கம்பெனியில் வேலை கிடைத்தது. மீஞ்சூர் போய் ரயில் பிடிக்க வேண்டும். முதல் நாள் விடிகாலை பஸ் ஸ்டாண்டில் பாய் நின்றிருந்தார்.

“ட்ரெயின் லேட்டாவும். அந்த வேலையும் நெலைக்குமோ என்னமோ. மழ எப்படியும் வரும்” என்று வாழ்த்திவிட்டு, கக்கத்திலிருந்து ஒரு குடையை உருவி என் கையில் திணித்தார்.

“உங்களுக்கு?” என்றேன். அத்தனை நாளில் அவரிடம் நான் பேசிய முதல் சொல்.

“எனக்கு ஒண்ணு போதும்மா.”

எதையும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளாத மனுஷன் சொன்ன வார்த்தை அது. பஸ்ஸில் உட்கார்ந்துதான் அழுதேன்.

பாய் பயந்ததற்கு மாறாக அந்த வேலை நிலைத்துவிட்டது. ஆனால் வானம் இருட்டினால் இன்றைக்கும் எனக்கு இருப்பு கொள்ளாது. ஊருக்கு போன் போட்டு நைனாவிடம் முதலில் கேட்பது, ‘பாயோட அந்த ஒரு குட நல்லா கீதா?’ என்றுதான்.