திருத்திய காபி

இனிமேல் சாராயத்தில் ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று டாக்டர் முன்னால் நத்சாரேனோ சத்தியம் செய்தார். காபியைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சந்தில் நத்சாரேனோ புகுந்துகொண்டார்.

எங்கள் இத்தாலியில் காபியோடு கொஞ்சம் சோம்புச் சாராயம் கலந்தால் அதற்கு ‘கஃபே கோர்ரெத்தோ’ என்று பெயர். திருத்திய காபி. காபி அப்படி என்ன தப்புச் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. காபியும் சாராயமும் விற்கிற லொரேத்தாவின் பாரில் காலையும் மாலையும் அவருக்கு அதுதான். வாயில் வாசம் வந்தால் சோம்பு மிட்டாய் என்பார். மனைவி எர்சிலியாவும் தலையாட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

“இன்னைக்கு நானும் பாருக்கு வரேங்க.”

“நீயா? அங்க உட்கார இடமே இருக்காதே!”

“நின்னுக்கிட்டே குடிக்கிறதுதானே? என் கால் நிக்கும். உங்க கால் ஏன் ஆடுது?”

பிடிபட்டால் பார் வாசலையே மிதிக்க விடமாட்டாள். சீட்டாட்டம் போச்சு. சிநேகிதர்கள் போச்சு. பொழுதெல்லாம் அவளோடு உட்கார்ந்து பட்டாணி உரிக்க வேண்டியதுதான். வழி நெடுகச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே வந்தார். ஒன்று கழன்று கையோடு வந்துவிட்டது.

லொரேத்தா வாயைத் திறக்குமுன் முந்திக்கொண்டார்.

“வெறும் காபி! சுத்தமான காபி! திருத்தாத காபி!”

“ஏண்ணே கத்துறீங்க? வழக்கமா...”

“எனக்கு வழக்கமே கிடையாது!” என்று கண்ணடித்தார். பதற்றத்தில் இரண்டு கண்ணும் சேர்ந்து அடித்துக்கொண்டன.

“கண்ணுல தூசியாண்ணே?”

எர்சிலியா சொன்னாள்: “அவருக்கு எப்பவும் குடுக்கிறதையே குடு, லொரேத்தா. எனக்கும் வழக்கம்போல.”

இரண்டு கோப்பை வந்தது. சோம்பு வாசம் குப்பென்று ஏறியது. நத்சாரேனோ உடைந்தே போனார்.

“ஒத்துக்கறேன் எர்சிலியா. சாராயத்தை விட முடியல. மன்னிச்சிரு.”

“எந்தச் சாராயம்? ஒரு மாசமா உங்க காபியில ஊத்துறது நான் காய்ச்சிக் குடுத்த சோம்புத் தண்ணி.”

“பொய்! எனக்குக் கிறுகிறுன்னு ஏறுச்சே! நேத்துப் பாட்டுகூடப் பாடினேனே!”

“நீங்க தண்ணி போட்டது நிஜந்தாங்க. வெறும் தண்ணி.”

“அப்போ என் பங்குச் சாராயம் எங்கடி போச்சு?”

லொரேத்தா துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். எர்சிலியா தன் கோப்பையை அண்ணாந்து கவிழ்த்தாள். சோம்பு மணக்க நிதானமாக ஓர் ஏப்பம் விட்டாள்.

“குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் உங்களைத்தானே சொன்னாரு?”